தெருவமைப்போரும் தெருவிற் செல்வோரும்



பெருந்தெரு ஒன்று திறந்துவைக்கப்படும் நாளில் அதன் நீளம் இத்தனை மைல், செலவு இத்தனை கோடி, அதனாற் பிரயாணிகளுக்கு மிச்சமாகும் நேரம் இத்தனை மணி என்று பலவாறு கணக்குச் சொல்வார்கள். அத்தெருவை அமைத்த காலத்தில் எத்தனை உயிர்கள் போயின என்னும் கணக்கை அன்றைய தினம் வாசிப்பார் அரியர். வரலாறும் பெரும்பாலும் இப்படியே நடந்து வந்திருக்கின்றது. கிறித்துவுக்கு முன் 312ஆம் ஆண்டில் உரோமர் அமைக்கத் தொடங்கிய அப்பியன் வீதி, அதனைத் தொடக்கிவைத்த அப்பியசு குளோடியசு என்னும் அதிகாரியின் பெயரை இன்றும் சுமந்து நிற்கின்றது. நம் நாட்டிலே கடுகண்ணாவைக் கணவாயில் நிற்கும் கோபுரம், கண்டி வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவைக் காத்து வருகின்றது. உரோமிலே கல் பதித்தவர்களும் கடுகண்ணாவையிலே பாறை பிளந்தவர்களும் யாவர் என்பதை நாம் அறியோம்.

பழங்காலத் தெருக்களில் வேலை செய்தவனுக்கு நேர்ந்த ஆபத்துக்கள் பாறையாலும் வெடிமருந்தாலும் காய்ச்சலாலும் வந்தவை. மோட்டார் வண்டி தோன்றிய பின்னர் புதியதோர் ஆபத்து அவற்றோடு சேர்ந்துகொண்டது. வேலை செய்பவனுக்கு, அத்தெருவிலே செல்பவன் ஆபத்தானான். தெருவிலே செல்பவனுக்கு, அங்கு தோண்டிய குழியும் நிறுத்திய இயந்திரமும் ஆபத்தாயின. ஒருவரையொருவர் முன்பின் அறியாத இவ்விரு சாராரையும் ஒருங்கே காப்பது எப்படி என்பது சென்ற நூற்றாண்டிலே எழுந்த கேள்வி. அதற்கு மனிதர் படிப்படியாகக் கண்ட விடைகளையே இன்று ஆராயப் புகுகின்றேன். மோட்டார்ப் பெருந்தெருக்களை மிகுதியாக அமைத்ததும், அவற்றின் விபத்துக்களை ஓரளவு ஒழுங்காகப் பதிந்து வைத்ததுமான ஐக்கிய அமெரிக்க நாட்டை இதற்கு உதாரணமாக எடுத்துக் கொள்வோம்.

அந்நாட்டின் மேற்குக் கரையிலே, சான் பிரான்சிஸ்கோ நகரின் வாயிலில், பொன்வாயில் எனப் பொருள்படும் கோல்டன் கேற் என்னும் தொடுவாய் உண்டு. அதன் குறுக்கே தெருப்பாலம் அமைக்கும் வேலை 1933ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தொடங்கியது. இரு கோபுரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் 4,200 அடி. தெருத்தளம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 220 அடி உயரம். கீழே குளிர்ந்த நீரோட்டம்; மேலே ஓயாத காற்றும் மூடுபனியும். அக்காலத்துப் பாலம் கட்டுவோரிடையே ஒரு கொடிய வாய்பாடு வழங்கிற்று: பத்து இலட்சம் டொலர் செலவாகும் வேலைக்கு ஓர் உயிர் போகும் என்பதே அது. கோல்டன் கேற் பாலத்துக்கு மதிப்பிட்ட செலவு ஏறக்குறைய மூன்றரைக் கோடி டொலர். அவ்வாய்பாட்டின்படி முப்பத்தைந்து பேர் இறக்க வேண்டும். இறப்பை முன்கூட்டியே செலவுக் கணக்கில் எழுதிவிடும் இந்த வழக்கத்தைத் தலைமைப் பொறியியலாளர் யோசப் ஸ்திரௌஸ் ஏற்க மறுத்தார்.

அவர் செய்த ஏற்பாடுகள் அக்காலத்துக்குப் புதுமையானவை. தொழிலாளர் யாவரும் கடினமான தலைக்கவசம் அணிய வேண்டும். இடுப்பிலே பாதுகாப்புக் கயிறு கட்ட வேண்டும். கூச்சமளிக்கும் ஒளியிலிருந்து கண்ணைக் காக்கக் கண்ணாடி அணிய வேண்டும். உயரத்தில் நின்று வீரம் காட்டி விளையாடுபவன் வேலையிலிருந்து நீக்கப்பட்டான். இவையெல்லாவற்றிலும் மேலாக, தெருத்தளம் அமைக்கும் வேலை தொடங்கியபோது, பாலத்தின் கீழே அதன் முழு அகலத்துக்கும் அப்பால் பத்தடி நீண்டிருக்குமாறு பெரிய கயிற்று வலையொன்றை விரித்துக் கட்டுவித்தார். அவ்வலைக்கு ஆன செலவு ஓர் இலட்சத்து முப்பதினாயிரம் டொலர். வீண்செலவு என்று சிலர் எண்ணியிருக்கக் கூடும். ஆனால், விழுந்தாலும் பிழைப்போம் என்ற துணிவு வந்தபின் தொழிலாளரின் கையும் காலும் விரைந்து இயங்கின. அவ்வலையிலே விழுந்து உயிர் பிழைத்தவர்கள் பத்தொன்பது பேர். அவர்கள் தமக்குள்ளே ஒரு சங்கம் அமைத்து, "நரகத்துக்குப் பாதிவழி போய்வந்தோர்" என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரும் இட்டுக்கொண்டனர்.

வேலை தொடங்கி மூன்றே முக்கால் வருடங்கள் வரையில் அங்கு ஒருவரும் இறக்கவில்லை. 1936ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேயே முதல் மரணம் நேர்ந்தது. பின்னர் 1937ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் திகதி, தெருத்தளத்தின் அடிப்புறத்திலே தொங்கவிடப்பட்டிருந்த பாரமான வேலைத்தட்டு ஒன்று கழன்று வீழ்ந்து, அவ்வலையையும் கிழித்துக்கொண்டு கடலுள் மூழ்கியது. அதனோடு பன்னிருவர் வீழ்ந்தனர், பதின்மர் மாண்டனர். முப்பத்தைந்து என்ற எதிர்பார்ப்பு முடிவிலே பதினொன்றாகக் குறைந்தது உண்மையே. எனினும் அந்தப் பதினொன்றில் பத்து உயிர்கள் ஒரு தட்டைத் தாங்கி நின்ற பிடிகளின் உறுதியின்மையாற் போயின. ஒரு காப்பு ஏற்பட்டுவிட்டது என்பதற்காக ஏனையவற்றைச் சோதியாது விடலாகாது என்னும் பாடத்தை அந்த வலையே போதித்தது.

அப்பாலம் 1937ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் திகதி திறக்கப்பட்டது. ஒன்றை நாம் இங்கு கவனிக்க வேண்டும். அது வெறுங் கடலின்மேல் கட்டப்பட்ட பாலம். கட்டும்போது அதன்மேல் வண்டிகள் ஓடவில்லை. ஆகவே தொழிலாளியைக் காப்பது மட்டுமே ஸ்திரௌசின் கவலையாயிருந்தது. ஆனால் நாட்டிலுள்ள தெருக்களின் வேலை அத்தன்மையது அன்று. ஒரு முறை அமைத்த தெருவைத் திருத்தவும் அகலமாக்கவும் வேண்டும். அதன்மேல் கோடு வரையவும் குழி நிரப்பவும் வேண்டும். இவ்வேலைகள் நடைபெறும்போதும் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கேதான் இரு சாராரும் எதிர்ப்படுகின்றனர்.

முற்காலத்தில் அத்தகைய இடங்களில் மரத்தாலான முக்காலிகளையும் பலகைத் தடைகளையும் நிறுத்துவார்கள். இரவானால் உருண்டை வடிவான கரிய இரும்புக் கலங்களில் மண்ணெண்ணெய் ஊற்றி, திரி கொளுத்தித் தெருவோரத்தில் வைப்பார்கள். காற்றடித்தால் தீபம் அணையும். வண்டி மோதினால் பலகை முறியும், வண்டியும் சேதமடையும். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தெருக்களிற் கோடு வரையும் பகுதியிலே வேலை பார்த்த சார்ள்ஸ் ஸ்கான்லன் என்பவர் இக்குறையைக் கண்டு, 1940ஆம் ஆண்டளவில் ஒரு மாற்று வழியை யோசித்தார். அடி அகன்று நுனி ஒடுங்கிய கூம்பொன்றைச் செய்தால் அது இலேசாக இருக்கும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துச் செல்லலாம், வண்டி உரசினால் சாய்ந்து மீண்டும் நிமிரும், வண்டிக்கும் சேதமில்லை. இதற்கு 1943இல் அவர் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் தெருக்களிலே காணப்படும் செம்மஞ்சட் கூம்புகளின் மூலம் இதுவேயாகும். ஈரமான சாயத்தின் அருகே நின்று வேலை செய்தவர்களின் அநுபவத்திலிருந்து பிறந்தமையால் இக்கூம்புக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஆபத்தை அண்மையில் நின்று பார்ப்பவனே அதற்குப் பரிகாரமும் அறிவான்.

ஆயினும், கூம்பு வழியைக் காட்டுமேயன்றி மோத வரும் வண்டியைத் தடுத்து நிறுத்தாது. கூம்பின் காவல் முழுவதும் வண்டி ஓட்டுபவனின் கண்ணையும் அறிவையும் நம்பியிருக்கின்றது. வண்டிகளின் வேகமும் தொகையும் குறைவாக இருந்த காலத்தில் இந்த நம்பிக்கை ஓரளவு போதுமானதாயிற்று. 1956ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் திகதி ஜனாதிபதி ஐசனோவர் பெருந்தெருச் சட்டத்திற் கையொப்பமிட்டபோது நிலைமை மாறத் தொடங்கியது. நாற்பத்தோராயிரம் மைல் நீளமான மாநிலங்களிடைத் தெருத்தொகுதி ஒன்றை அமைப்பது அச்சட்டத்தின் நோக்கம். குறுக்குச் சந்தியும் தரிப்பு விளக்கும் இல்லாத தெருக்கள் அவை. மணிக்கு அறுபது மைல் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு வினாடியில் 88 அடி தூரம் செல்கின்றது. நாம் ஒரு முறை கண்ணிமைத்துச் சுற்றிப் பார்ப்பதற்குள், மண்வெட்டியோடு நிற்பவனை அது கடந்துவிடும். அல்லது அவன்மீது ஏறிவிடும்.

வேகம் மிகுந்த இத்தெருக்களுக்குப் பொதுவானதொரு மொழி தேவைப்பட்டது. தெருக்குறிகள் யாவும் நாடெங்கும் ஒரே விதமாயிருக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு அமெரிக்காவிலே 1935இல் ஒரு கைநூல் வெளியாகியிருந்தது. தெரு அமைக்கும் இடங்களிலும் திருத்தும் இடங்களிலும் வைக்க வேண்டிய குறிகளுக்கென அக்கைநூலிலே தனிப்பகுதி சேர்க்கப்பட்டது 1961ஆம் ஆண்டுப் பதிப்பிலாகும். அதுவரையில் இத்தகைய இடங்களில் ஒவ்வொரு பிரதேசத்தாரும் தத்தமக்குத் தோன்றியவாறு எச்சரிக்கை செய்து வந்தனர். 1971இல் வெளிவந்த பதிப்பு, தெருவேலைக் குறிகளுக்குச் செம்மஞ்சள் நிறத்தை உரியதாக்கிற்று. வளைவும் சரிவும் போன்ற நிரந்தரமான ஆபத்துக்களை மஞ்சள் நிறம் சுட்டும். சிலகாலம் இருந்து நீங்கும் தெருவேலையைச் செம்மஞ்சள் சுட்டும். எழுத்தை வாசிக்குமுன்னரே நிறம் பொருளை உணர்த்திவிடும். எழுத்தறியாதவனுக்கும் அயல்நாட்டவனுக்கும் விளங்கும் மொழி அது.

இம்மொழிக்கு ஓர் இலக்கணமும் உண்டு. வேலைத்தலம் ஒன்று நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படும். முதலாவது, முன்னறிவித்தல் செய்யும் பகுதி. அடுத்தது, வண்டிகளை ஒரு நிரையிலிருந்து மற்ற நிரைக்கு மெல்ல ஒதுக்கும் பகுதி. மூன்றாவது, வேலை நடைபெறும் பகுதி. இறுதியாக, வண்டிகள் மீண்டும் தத்தம் நிரைக்குத் திரும்பும் பகுதி. வண்டிகளை ஒதுக்குவதற்குக் கூம்புகளை எவ்வளவு நீளத்துக்குச் சாய்வாக அடுக்க வேண்டும் என்பதற்கும் கணக்கிருக்கின்றது. வேகமான தெருக்களில், அடைக்கப்படும் நிரையின் அகலத்தை அடியிலும் வண்டியின் வேகத்தை மணிக்கு மைலிலும் எடுத்துப் பெருக்க வேண்டும். பன்னிரண்டடி அகலமான நிரையை அறுபது மைல் வேகத் தெருவில் அடைப்பதாயின், பன்னிரண்டை அறுபதாற் பெருக்க 720 அடி நீளம் வேண்டும். ஐந்தாம் வகுப்பு மாணவனும் செய்யத்தக்க இந்தக் கணக்கைப் பிழையாகச் செய்தாலோ, நேரம் போதாதென்று கூம்புகளைப் பாதித் தூரத்தில் அடுக்கினாலோ, ஓட்டுபவன் திடீரென வண்டியைத் திருப்ப நேரும். அவனுக்கு அப்பால் நிற்பவன் அதன் விலையைச் செலுத்துவான்.

அக்கைநூலிலே எனக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றும் விதி வேறொன்று. வேலை முடிந்தவுடன், அல்லது வேலை நடைபெறாத வேளையில், பொருந்தாத எச்சரிக்கைக் குறிகளை அகற்ற வேண்டும், அன்றேல் மூடிவைக்க வேண்டும் என்பதே அவ்விதி. பார்வைக்கு இது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள். "முன்னே ஆட்கள் வேலை செய்கின்றனர்" என்று பலகை சொல்கின்றது. ஓட்டுபவன் வேகத்தைக் குறைத்துச் செல்கின்றான். அங்கு ஆளுமில்லை, வேலையுமில்லை. இரண்டாம் நாளும் அவ்வாறே, மூன்றாம் நாளும் அவ்வாறே. நான்காம் நாள் அவன் பலகையைப் பொருட்படுத்துவதில்லை. அன்றைக்குத்தான் அங்கு உண்மையாகவே ஆட்கள் நிற்கின்றனர். புலி வருகின்றது என்று பொய்யாகக் கூவிய இடைச்சிறுவன் கதையை நாம் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். அக்கதையிலே பொய் சொன்னவனே துன்புற்றான். தெருவிலோ, பொய்யான பலகையை விட்டுச் சென்றவன் ஒருவன். அதனால் உயிரிழப்பவன் வேறொருவன். எச்சரிக்கை என்பது ஒரு வாக்கு. வாக்குத் தவறினால் அடுத்த முறை அதனைக் கேட்பாரில்லை.

வாக்கு மாத்திரம் போதாத இடங்களுக்கு வலிமையான தடைகளும் தோன்றின. நியூ ஜேர்சி மாநிலத்தில் 1955ஆம் ஆண்டு முதல், எதிரெதிராக ஓடும் வண்டிகளின் நடுவே கொங்கிறீற்றுத் தடைச்சுவர்கள் வைக்கப்பட்டன. அவை தொடக்கத்திற் குட்டையாயிருந்து, சில ஆண்டுகளில் 32 அங்குல உயரம் பெற்றன. அச்சுவரின் அடிப்பாகம் சரிவானது. சாய்வாக வந்து உரசும் வண்டியின் சக்கரம் அச்சரிவிலே சிறிது ஏறி மீண்டும் தன் பாதையிலேயே திரும்பிவிடும். இச்சுவர்களைத் துண்டு துண்டாக வார்த்து லொறிகளில் ஏற்றிச் செல்லக்கூடியதாக இருந்தமையால், பிற்காலத்தில் அவை தெருவேலைத் தலங்களின் அரணாகவும் பயன்பட்டன. ஆயினும் சுவரின் முனையிலே நேராக மோதுபவனின் கதி என்ன? அதற்கு விடை கண்டவர்களில் ஒருவர் யோன் ஃபிற்ச் என்னும் மோட்டார்ப் பந்தய வீரர். 1955ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் லெ மான் பந்தயத்திலே அவருடைய குழுவைச் சேர்ந்த வண்டியொன்று பார்வையாளர் கூட்டத்துட் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அத்துயரம் அவர் மனத்தைப் பாதுகாப்பு ஆராய்ச்சியிலே செலுத்திற்று. 1960களில் அவர் மணல் நிரப்பிய பிளாஸ்திக்குப் பீப்பாய்களை நிரைநிரையாக அடுக்கும் முறையை வகுத்தார். முன்னிருக்கும் பீப்பாய்களில் மணல் குறைவு; பின்னிருப்பவற்றில் அதிகம். மோதும் வண்டி படிப்படியாக வேகமிழந்து நிற்கும். ஓட்டுபவன் தவறே செய்திருப்பினும், அத்தவறுக்கு மரணம் தண்டனையாகலாகாது என்னும் கருணை இதனுள் அடங்கியிருக்கின்றது.

உடையும் மாறிற்று. ஒளிரும் சாயங்களைக் கலிபோர்னியாவைச் சேர்ந்த சுவிற்சர் சகோதரர்கள் 1930களிலே கண்டுபிடித்தனர். இரண்டாம் உலக யுத்தத்தில் இராணுவத்தினர் அவற்றைச் சமிக்ஞைத் துணிகளுக்குப் பயன்படுத்தினர். 1964இல் ஸ்கொத்லாந்திலே புகையிரதப் பாதைத் தொழிலாளர் ஒளிரும் மேற்சட்டையை அணிந்து பரீட்சித்தனர். நெடுந்தூரத்திலேயே இயந்திரச் சாரதிகளின் கண்ணுக்கு அவர்கள் புலப்பட்டனர். இருந்தும், மத்திய அரசின் பண உதவி பெறும் பெருந்தெருக்களில் வேலை செய்வோர் அனைவரும் இத்தகைய உடை அணிய வேண்டும் என்னும் விதி அமெரிக்காவிலே முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2008ஆம் ஆண்டு நொவெம்பர் மாதத்தில்தான். ஒரு நல்ல பொருள் கண்டுபிடிக்கப்படுவதற்கும், அது தேவைப்பட்டவனின் தோளைச் சென்றடைவதற்கும் இடையே எழுபது ஆண்டுகள் கழிந்தன. தெருத் தொழிலாளியின் உயிருக்கு உலகம் இட்ட மதிப்பை அறிய இந்தக் கால இடைவெளியே போதுமான அளவுகோல்.

இனி ஓட்டுபவர்களின் பக்கத்தையும் நோக்குவோம். தெருவேலை நடக்கும் இடத்தில் விபத்தென்றால் தொழிலாளர்களே இறப்பார்கள் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. அமெரிக்காவிலே 2021ஆம் ஆண்டில் இத்தகைய இடங்களில் தொளாயிரத்தைம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாட்டுக் கணக்குகளின்படி, இவ்வாறு இறப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினர் வண்டி ஓட்டுபவர்களும் அவர்களோடு சென்றவர்களுமாவர். முன்னே வண்டிகள் நிரையாக நின்றுகொண்டிருக்கும். அதனைக் காணாது வேகமாக வருபவன் பின்னால் மோதுவான். பார லொறிகள் இவ்வாறு மோதும்போது சேதம் பன்மடங்காகும். ஆகவே, "அவர்களுக்காக வேகத்தைக் குறையுங்கள்" என்று ஓட்டுபவர்களிடம் இரந்து கேட்பதோடு, "உங்களுக்காகவே குறையுங்கள்" என்று சொல்லவும் நியாயம் இருக்கின்றது. 2000ஆம் ஆண்டு முதல் அந்நாட்டிலே ஆண்டுதோறும் இளவேனிற் காலத்தில் ஒரு வாரம் இந்த விழிப்புணர்ச்சிக்கென ஒதுக்கப்பட்டு வருகின்றது. தெருவேலைகள் பெருகத் தொடங்கும் பருவம் அது.

வலையும் கூம்பும், நிறமும் சுவரும், உடையும் விதியும் எல்லாம் ஏற்பட்டபின்னரும் என்ன நேர்ந்தது என்பதை ஒரே தெருவில் ஓராண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு சம்பவங்கள் காட்டுகின்றன. மேரிலாந்து மாநிலத்தின் பல்ரிமோர் நகரைச் சுற்றிச் செல்லும் பெருந்தெருவுக்கு 695ஆம் இலக்கம் வழங்குகின்றது. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22ஆம் திகதி நண்பகலுக்குச் சிறிது பின்னர், அத்தெருவில் மணிக்கு நூறு மைலுக்கும் அதிகமான வேகத்தில் ஓடிய இரு வண்டிகள் ஒன்றோடொன்று உரசின. அவற்றுள் ஒன்று, கொங்கிறீற்றுத் தடைச்சுவர்களின் நடுவே இருந்த இடைவெளி ஒன்றினூடே வேலைத்தலத்துட் புகுந்தது. அங்கு நின்ற ஆறு தொழிலாளர் மாண்டனர். சுவர் இருந்தது, ஆனால் சுவரிலே வழியும் இருந்தது. கோல்டன் கேற்றிலே அறுந்த வலையின் கதை இங்கே வேறு வடிவத்தில் மீண்டும் நிகழ்ந்தது. தெருத் தொழிலாளரைக் காக்கும் சட்டத்தை மேரிலாந்து மாநிலம் 2024இல் மேலும் கடுமையாக்கிற்று.

அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே இரண்டாவது துயரம் நேர்ந்தது. அதே 695ஆம் இலக்கத் தெரு, பல்ரிமோர் துறைமுக வாயிலைக் கடக்கும் இடத்தில், 1977ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் திறக்கப்பட்ட பிரான்சிஸ் ஸ்கொற் கீ பாலத்தின்மேற் சென்றது. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 26ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளையில், டாலி என்னும் பெருங் கொள்கலக் கப்பல் அத்துறைமுகத்தை விட்டு நமது கொழும்புத் துறைமுகத்தை நோக்கிப் புறப்பட்டது. சிறிது தூரம் சென்றதும் கப்பலிலே மின்சாரம் அற்றுப்போயிற்று. கப்பல் கட்டுக்கடங்காது பாலத்தின் தூணை நோக்கி நகர்ந்தது. கப்பலை வழிநடத்திச் சென்றவர்கள் உடனே அபாய அறிவித்தல் விடுத்தனர். செய்தி பொலிசாருக்கு எட்டியது. அவர்கள் பாலத்தின் இரு முனைகளிலும் விரைந்து வண்டிகளை நிறுத்தினர். வண்டியிலே வந்தவர்கள் யாவரும் பிழைத்தனர்.

ஆனால் பாலத்தின்மேல் எண்மர் இருந்தனர். எழுவர் தெருவிலுள்ள குழிகளை நிரப்ப வந்த தொழிலாளர். ஒருவர் வேலையைப் பரிசோதிப்பவர். பகலிலே பிரயாணிகளுக்கு இடைஞ்சல் நேராதிருத்தற் பொருட்டு இரவிலே வேலை செய்தவர்கள் அவர்கள். தொழிலாளர் அவ்வேளையில் தம் வண்டிகளுக்குள் அமர்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தனர். மேலே ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கும் அறிவிக்க வேண்டுமே என்ற பேச்சு பொலிசாரின் வானொலியிலே எழுந்தது. அது செயலாவதற்குள் 1.29 மணியளவிற் கப்பல் தூணில் மோதப் பாலம் சரிந்தது. பரிசோதகர் ஓடித் தப்பினார், நீரில் வீழ்ந்த தொழிலாளருள் ஒருவர் உயிரோடு மீட்கப்பட்டார், அறுவர் மாண்டனர். மெக்சிக்கோ, குவாதமாலா, ஹொண்டூராஸ், எல் சல்வடோர் ஆகிய நாடுகளிலிருந்து பிழைப்புக்காக வந்து குடியேறியவர்கள் அவர்கள். 2025ஆம் ஆண்டு நொவெம்பர் மாதத்தில் அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை தன் முடிவை வெளியிட்டது. பாலத்தை விட்டு நீங்குமாறு தொழிலாளருக்கு உடனே தெரிவிக்கும் பயனுள்ள வழி இல்லாமற் போனமையும் இவ்வுயிரிழப்புக்கு ஒரு காரணம் என்று அச்சபை கூறிற்று.

இங்குதான் நாம் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். வண்டிகளை நிறுத்திய பொலிசார் தம் கடமையைச் செம்மையாகச் செய்தனர். ஒன்றரை நிமிடத்துக்குள் எத்தனையோ குடும்பங்களைக் காத்த அவர்களைப் பழித்தல் அறமாகாது. குறை தனி மனிதரிடத்தே இல்லை. அது முன்னேற்பாட்டிலே இருந்தது. தெருவிலே செல்பவனுக்கு எச்சரிக்கை செய்யும் முறை தொண்ணூறு ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கின்றது; பலகை உண்டு, நிறம் உண்டு, விளக்கு உண்டு, அவனை மறித்து நிறுத்தப் பொலிசாரும் உண்டு. தெருவிலே நிற்பவனுக்கு எச்சரிக்கை எந்த வழியாக, யார் மூலமாக, எத்தனை வினாடியிற் சென்றடையும் என்ற கேள்வியை அன்றைக்கு முன்னர் எவரும் போதிய அளவு கேட்டிருக்கவில்லை. தெருவேலைப் பாதுகாப்பின் வரலாறு முழுவதும், செய்தி ஒன்றைத் தக்க தருணத்தில் உரியவரிடம் சேர்ப்பிக்கும் முயற்சியின் வரலாறேயாகும். அச்செய்தி ஒரு புறத்தாரை அடைந்து மறுபுறத்தாரை அடையாதுபோனால், நாம் அமைத்த காப்பு பாதிக் காப்பேயாகும்.

அக்கப்பல் வந்து சேரவேண்டிய கரை நம்முடையதாக இருந்தது. ஆகவே அச்செய்தி நமக்கு முற்றிலும் அயலாரின் செய்தி அன்று. நம் நாட்டிலும் 2011ஆம் ஆண்டு நொவெம்பர் மாதத்தில் கொட்டாவையிலிருந்து காலி வரை முதலாவது அதிவேகப் பெருந்தெரு திறக்கப்பட்டது. பின்னர் வேறு சிலவும் ஏற்பட்டன. புதுத் தெருக்கள் அமைவதும் பழந்தெருக்கள் திருத்தப்படுவதும் இனியும் நடைபெறும். அமைக்கும் பொறுப்பை ஏற்போர், ஒப்பந்தத்திற் கையொப்பமிடும்போதே மூன்று கேள்விகளைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம். வேலைத்தலத்தின் முன்னே வைக்கும் பலகை இன்றைய உண்மையைச் சொல்கின்றதா? தடைச்சுவரிலே வழி விட்டிருந்தால் அவ்வழிக்குக் காவல் என்ன? ஆபத்து வருகின்றது என்று தெரிந்தால், அங்கு நிற்கும் கடைசித் தொழிலாளிக்கு அதனைச் சொல்லப்போவது யார்?

வண்டி ஓட்டும் நமக்கும் கடமை உண்டு. செம்மஞ்சட் கூம்பு ஒன்றைக் கண்டால், நம் பிரயாணத்துக்கு வந்த இடையூறு என்று முகஞ்சுளிக்கின்றோம். அது நம்மோடு பேசுகின்ற ஒரு மனிதனின் குரல். 'நான் இங்கே நிற்கின்றேன்' என்று அவன் சொல்கின்றான். நாளை நாம் விரைந்து செல்ல வேண்டும் என்பதற்காக இன்று அவன் வெயிலில் நிற்கின்றான். அவனைக் கடக்கும் அந்த ஆயிரம் அடி தூரத்துக்கு நம் வேகத்தைக் குறைப்பதனால் நாம் இழப்பது சில வினாடிகளே. மாணவர்களுக்குத் தெருவிதிகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், குறியின் பொருளைச் சொல்வதோடு நிறுத்தாமல், அக்குறிக்கு அப்பால் நிற்பவனையும் அவர்களுக்குக் காட்டுவார்களாக. அவனைக் கண்ட கண்ணுக்குப் பலகையை வாசிப்பது எளிதாகும்.